கடைசியாகக் கிளம்ப வேண்டியவன்

"சாந்தேரி பேரை எடுங்க. இப்பவே எடுங்க!"

ரேயோ மேஜையைத் தட்டிய வேகத்தில் ஐலாவின் காபி தளும்பிப் பட்டியல் மேல் சிந்தியது.

பின்லாந்தின் தேசிய இரவு ஓட்டம். கையில் வரைபடமும் திசைகாட்டியும், நெற்றியில் விளக்குமாக, இருட்டுக் காட்டில் குறிகளைத் தேடிப் பிடித்து ஓட வேண்டும். முதல் ஆள் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

யார் யார் ஓடலாம், யார் எந்த நிமிடம் கிளம்புவது எல்லாம் ஐலாவின் பொறுப்பு. நன்றாக ஓடுகிறவர்கள் கடைசியில் கிளம்புவதுதான் வழக்கம்; பட்டியலில் கடைசிப் பெயர் சாந்தேரி. மூன்று தடவை இரண்டாம் இடத்தில் முடித்தவன். இந்த வருடம் அவன்தான் ஜெயிப்பான் என்று ஊரே சொன்னது. அவனுக்கு முந்தின பெயர், ரேயோவின் மகன் ஓன்னி.

"எதுக்கு எடுக்கணும்? காரணம் சொல்லுங்க."

"போட்டிக் காடு மார்ச் மாசத்துலேர்ந்து அடைப்பு. பேர் கொடுத்த யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. நீங்க போட்ட விதிதானே?"

"ஆமா."

"செப்டம்பர் ஆறாம் தேதி ராத்திரி, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு இவன் உள்ளே போயிருக்கான். பால் வண்டி ஓட்டுறவர் பார்த்திருக்கார். இதோ, கையெழுத்துப் போட்டே குடுத்திருக்கார்."

ஐலா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஒன்பது வருடமாக சாந்தேரியின் பெயரைப் பதிவு செய்கிறவள். ஒரு தடவைகூட அவன் குறுக்கு வழி கேட்டதில்லை.

ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். ஷூ லேஸைக்கூடக் கட்டி முடிக்காமல் ஓடி வந்தான் சாந்தேரி.

"நீ அந்தக் காட்டுக்குள்ள போனியா?"

இல்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் ஐலா எதிர்பார்த்தாள்.

"போனேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

பக்கத்து மேஜையில் எண் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்!" என்றார் ரேயோ.

ஐலா குரலைத் தாழ்த்தினாள். "சாந்தேரி, தவிர்க்க முடியாத காரணம்னா எழுதிக் குடு. நடுவர் குழு பார்த்து அனுமதிக்கலாம். ஆனா, நீ எழுதினதை எல்லாரும் படிக்கிற மாதிரி வாசல்ல ஒட்டுவோம். விதி அப்படி."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். ரேயோ உள்பட."

சாந்தேரி ரேயோவின் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்துடுங்க."

"டேய், முட்டாளா நீ?" ஐலா பதறினாள். " முப்பத்தஞ்சு வயசாச்சு. முட்டி வேற தகராறு. அடுத்த வருஷம் ஓடுவியோ மாட்டியோ!"

"எடுத்துடுங்க ஐலா."

"காரணம்னு ஒண்ணு இருந்தாத்தானே எழுதுறதுக்கு!" ரேயோ எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

ஐலா அவன் பெயர் மேல் கோடு போட்டாள். அவனுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று விதியை வளைக்க அவளால் முடியாது. போயும் போயும் இவனா இப்படி என்று கோபம் கோபமாக வந்தது.

"கிளம்புற இடத்துல வேலைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டான் அவன்.

அவனை நிமிர்ந்து பார்க்காமலே மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து வீசினாள்.

அன்றிரவு எழுபத்தொரு பேருக்கும் வரைபடத்தை எடுத்துக் கொடுத்து, "இப்ப போகலாம்" என்று அனுப்பிவைத்தான் சாந்தேரி. ஓன்னிக்கும் அவன்தான் கொடுத்தான். சிலர் அவன் காதுபடவே "திருடன்" என்றார்கள்.

ஓன்னி பதினெட்டு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தான்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்க சாந்தேரி அலுவலகத்துக்கு வந்தபோது, ரேயோவும் அங்கே வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய அப்பா ஆர்வோ. எண்பத்தொரு வயது. காட்டோரம் ஒரு வீட்டில் தனியாக இருப்பவர். பேரன் பதக்கம் வாங்குவதைப் பார்க்க ரேயோதான் காரில் அழைத்து வந்திருந்தார்.

"அப்பா, இவனைப் பாருங்க. அடைச்ச காட்டுக்குள்ள புகுந்து திருட்டு ஒத்திகை பார்த்த ஆளு. நான் மட்டும் கண்டுபிடிக்கலைன்னா உங்க பேரன் பதக்கம் இவன் கழுத்துல தொங்கியிருக்கும்!"

சாந்தேரி அவசரமாகச் சட்டையை மேஜையில் வைத்தான். "நான் வர்றேன் ஐலா."

கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதனாலயா உன்னை ஓட விடலை?"

"விடுங்க ஆர்வோ. வேணாம்."

"உங்களுக்கு இவனைத் தெரியுமா?" ரேயோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆர்வோ பிடியை விடவில்லை. குரல் மட்டும் உடைந்தது.

"ஒத்திகை இல்லடா அது. அன்னிக்குப் பழம் பறிக்கப் போன இடத்துல எனக்கு வழி மறந்துபோச்சு. என் நாய் ரோட்டுல தனியா நின்னு குரைக்கிறதைப் பார்த்துட்டு, காரை நிறுத்திட்டு உள்ளே வந்தான். ரெண்டு மணி நேரம் தேடி, என்னை முதுகுல சுமந்துட்டு வந்து வீட்டுல சேர்த்தான்."

ஐலா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லலை?" என்று அப்பாவைக் கேட்டார் ரேயோ.

"நான்தான் சொல்லாதேன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். இன்னொரு தடவை வழி தப்பினா வீட்டைப் பூட்டிட்டு முதியோர் இல்லத்துல விட்டுருவேன்னு நீதானடா சொல்லியிருந்தே!"