கணினியில் இடிக்கவில்லை

"திக்னஸ் எந்தப் பக்கம் கொடுத்தே?" என்றான் கணவன்.

"உள்பக்கம்தான். வெளிப்பக்கம் கொடுத்தா மடிப்பெல்லாம் தடிதடியாத் தெரியும். பார்க்கச் சகிக்காதுங்க."

இருவரும் சேர்ந்து நடத்தும் வடிவமைப்பு அலுவலகத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, இந்த மரப்பலகை மடக்குக் கூடாரம். கணினியில் அவள் வரைந்தபோது காகிதம் போல அழகாக மடங்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் பலகையின் தடிமனை ஒரு எண்ணாகத் தட்டிச் சேர்த்தாள்.

"மடக்கினா பலகையும் பலகையும் உள்ளே இடிக்கும்னு தோணலையா?"

"கம்ப்யூட்டர்ல இடிக்கலையே. ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போச்சு."

"மரம் புகுந்து போகுமா? நான் வேற அவசரத்துல பலமாத் தள்ளித் தொலைச்சிட்டேன்."

பலகைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் அசையவில்லை.

"ரம்பம் எடுத்துட்டு வரேன்."

"ஐயோ, வேண்டாங்க! கஸ்டமர் வர்ற நேரம். மூணு மாசமா உயிரைக் கொடுத்துச் செஞ்சது."

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"சரி, அறுத்துடுங்க."

"எந்த இடத்துல அறுக்கட்டும்?"

கடைசி மடிப்பைச் சரிபார்க்கக் கூடாரத்துக்குள் நுழைந்திருந்தவள், இருட்டில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, உள்ளிருந்து பலகையை இரண்டு முறை தட்டினாள்.

"இங்கே மட்டும் வேண்டாங்க. என் தலை இருக்கு."