யானையை விரட்டும் மிளகாய்

ஜெசிந்தா மேரி இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகற்றிப் பிடித்தபடி அடுப்படியில் நிற்கிறாள். விரல் இடுக்கெல்லாம் நெருப்பாய் எரிகிறது. சோப்புப் போட்டாயிற்று, மோர் ஊற்றியாயிற்று. எரிச்சல் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. அரிவாள்மணையடியில் அந்த மிளகாய்கள் தோல் சுருங்கி, சிவப்பாய், அரிபட்டுக் கிடக்கின்றன. பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் அசாம்காரப் பையன் ரூபம், பெயிண்ட் பக்கெட்டில் வளர்த்துக் காலையில் பறித்துத் தந்த மூன்று மிளகாய். "ஒண்ணுல பாதி போதும் அக்கா. எங்க ஊர்ல யானை வராம வேலில இத பூசுவாங்க" என்றான். சிரித்துவிட்டு, மீன் குழம்புக்கு மூன்றையும் அரிந்துவிட்டாள். தூளியில் பிள்ளை பசித்து வீறிடுகிறது. பால் கட்டி ரவிக்கை நனைகிறது. முழங்கையால் தூளியை இடித்து ஆட்டிப் பார்க்கிறாள், அழுகை கூடுகிறது. புருஷன் பூசைக்குப் போயிருக்கிறான், தெருவே போயிருக்கிறது. கோயில் மைக்கில் சாமியாரின் பிரசங்கம் இப்போதுதான் தொடங்குகிறது.

அழுகை கேட்டு ரூபம் பின்வாசலில் வந்து நிற்கிறான். குடிவந்த நாளிலிருந்து அந்த நிலைப்படியை அவன் தாண்ட அவள் விட்டதில்லை. "இன்னா மொளகாப்பா இது, கைய வைக்க முடியல. உள்ள வா தம்பி, புள்ளயத் தூக்கு" என்கிறாள். தயங்கி ஒரு காலை உள்ளே வைக்கிறான். வெயில் அவனோடு கொஞ்சம் உள்ளே வருகிறது. தூளியை நோக்கி நீட்டிய கைகளைப் பாதியில் நிறுத்திப் பார்க்கிறான். செடியிலிருந்த மிச்ச மிளகாயையெல்லாம் ஊறுகாய்க்கு இத்தனை நேரம் நறுக்கிக்கொண்டிருந்த கைகள். மெல்ல அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.