சௌந்தரத்தின் தாம்பாளம்

"தட்டைக் கையோட வாங்கிட்டு வந்துரணும், சொல்லிட்டேன்."

எதிர் வீட்டு ரத்தினம் டீச்சருக்கு அதிரசம் கொடுத்தனுப்பும்போது சௌந்தரம் மருமகளிடம் சொன்னது இது. அதிரசம் நாலே நாலு. தட்டோ, கல்யாணத்தில் சீர் வைத்துத் தூக்கிப் போகிற எவர்சில்வர் தாம்பாளம். அதில் அந்த நாலும் எங்கேயோ ஓர் ஓரத்தில் கிடந்தன.

"எதுக்கு அத்தை இம்புட்டுப் பெரிய தட்டு? ஒரு கிண்ணத்துல கொண்டு போறேனே" என்றாள் பிரவீணா.

"அப்ப நம்ம கௌரவம் என்னத்துக்கு ஆகுறது?"

பிரவீணா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டாள். திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இந்தக் குடும்பத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மாமியார் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நாள் தேவைப்படவும் இல்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். அந்தத் தெருவில் வேதக்கார வீடு டீச்சர் வீடு ஒன்றுதான். ஆனாலும் கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடக்கும். டீச்சர் சுடுகிற அச்சு முறுக்கு அப்படி. யாருக்குப் பிறந்தநாள் என்பதெல்லாம் அப்புறம்.

இந்த வருஷம் அது கிடையாது. டீச்சரின் வீட்டுக்காரர் ஆடி மாசம் தவறிப்போனார். பிள்ளை குட்டியும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இருந்து வரும் இட்லிப் பொட்டலம்தான் சாப்பாடு. கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும்.

"இப்படியே எத்தனை நாளைக்கு இருப்பாக, பாவம்" என்று தெருவே பேசியது. பேசியதோடு சரி.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடமாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். அந்த முறைக்குத்தான் இந்த அதிரசம்.

டீச்சர் வாங்கிக்கொண்டார். தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டார். பிரவீணா வெறுங்கையோடு திரும்பினாள்.

"தட்டு எங்க?"

"துக்க வீட்டுல போயி, தட்டைக் குடுங்கன்னு எப்படி அத்தை கேக்குறது?"

"வாயாலதான்."

மத்தியானம் மறுபடி போனாள். ஜன்னல்கூடத் திறக்காத இருட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர்... அத்தை தட்டைக் கேட்டாக."

"வெறுந்தட்டாவா குடுக்கிறது? போட்டுக் குடுக்க வீட்டுல ஒண்ணுமில்லையேம்மா."

"பரவாயில்ல டீச்சர். சும்மாவே குடுங்க."

"அது எப்படி? இந்த வீட்டுல இருந்து வெறுந்தட்டு போனதே இல்ல. நாளைக்குத் தாரேன்னு சொல்லு."

பிரவீணாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வந்து சொன்னாள்.

"நாளைக்கா?" சௌந்தரம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்கே போய்விட்டாள். "டீச்சரம்மா! என் தட்டு இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வந்துரணும், ஆமா!"

தெருவே எட்டிப் பார்த்தது.

"புருசனப் பறிகொடுத்தவுககிட்டப் போயி தட்டுக்குச் சண்டை போடுறா பாரு. நல்ல மனுசிதான் போ" என்றாள் பக்கத்து வீட்டு முருகலட்சுமி, நன்றாகக் காதில் விழும்படி. சௌந்தரத்துக்கு உறைக்கவே இல்லை. உறைத்ததெல்லாம் பிரவீணாவுக்குத்தான்.

சாயங்காலம் மாமியாருக்குத் தெரியாமல் மன்னிப்புக் கேட்கப் போனாள். டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எண்ணெய் காயும் வாசம்.

டீச்சர் அடுப்படியில் நின்றார். கடைக்குப் போய் மாவும் தேங்காயும் வாங்கி வந்திருக்கிறார். சேலையெல்லாம் மாவு.

"உங்க அத்தைக்குத் தட்டு மேல அப்படி என்னம்மா உசுரு?"

"மன்னிச்சிருங்க டீச்சர். அவுக குணம் அப்படி."

"நல்ல குணம்! இந்தா பாரு, அச்சை விட்டுக் கழண்டு வரமாட்டேங்குது. எப்பவும் அவருதான் மாவுல முக்கி எடுப்பாரு. நான் முக்குனா ஒட்டிக்கிடுது."

பிரவீணா அச்சை வாங்கி எண்ணெயில் நன்றாகக் காயவிட்டாள். மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு, லேசாக ஆட்டினாள். முறுக்கு கழன்று பூவாட்டம் மிதந்தது.

"அவரும் இப்படித்தான் ஆட்டுவாரு" என்ற டீச்சர், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிரவீணாவும் அழுதாள்.

"சரி சரி, அடுத்ததை முக்கு. எண்ணெய் புகையுது" என்றார் டீச்சர்.

தாம்பாளம் நிறைந்தது. டீச்சர் அடுப்பை அணைக்கவில்லை.

"ஒரு வீட்டுக்கு மட்டும் குடுத்தா மத்தவுக என்ன நினைப்பாக? இன்னும் கொஞ்சம் மாவு கரைக்கிறேன். நீ இதைக் கொண்டுபோய் உங்க அத்தைகிட்டக் குடுத்துட்டு ஓடியா."

பிரவீணா தாம்பாளத்தைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் சத்தம் கேட்க வைத்தாள்.

"இந்தாங்க உங்க தட்டு. இப்பத் திருப்திதான? ஒரு தட்டுக்காக அவுகள இந்தப் பாடா படுத்துறது? தெருவே காறித் துப்புது அத்தை."

"துப்பட்டும்." சௌந்தரம் ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "சின்னத் தட்டுல குடுத்திருந்தா ஒரு கை சீனியக் கடன் வாங்கிப் போட்டுத் திருப்பிருப்பாக. இதை நிரப்பணும்னா அடுப்பப் பத்த வச்சுத்தான ஆகணும்?"