எட்டாவது தேதி

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வந்து உலகம் அழியும் தேதியைச் சொல்லிவிட்டுப் போவார் சேசடிமை. அவர் சொன்ன ஏழு தேதிகளையும் நம்பினோம். இனி எதற்கு என்று ஏழு தடவையும் கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, வெறுங்கையோடு மேட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தோம். மறுநாள் இறங்கி வந்து குஞ்சு வாங்கினோம்.

வலை பின்னும் பெர்பெத்து பதினோரு வருடமாக மணலில் கம்பு நட்டு, கடல் ஏறுவதை அளந்துவந்தாள். வருகிற ஆடி அமாவாசைக்குக் கடல் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும் என்று வீடுவீடாகச் சொன்னாள். ஒருவரும் ஒரு பானையைக்கூட நகர்த்தவில்லை. அவள் சேசடிமையிடம் போனாள்.

"அண்ணே, இந்தத் தடவ என் தேதியச் சொல்லுங்க."

"பலிக்குமாம்மா?" அவர் குரலில் அப்படியொரு ஏக்கம்.

"பலிக்கும். ஆனா உலகம் பூரா இல்ல, எங்க தெரு மட்டுந்தான். சட்டி பானை, கட்டில், கோழி எல்லாத்தையும் தூக்கிட்டு மேட்டுக்கு வரச் சொல்லுங்க."

அமாவாசையன்று மதியம் கடல் வந்தது. நாற்பது வீட்டுக் கதவுகளையும் உடைத்துத் தேடியது. உள்ளே அடுப்புக்கல்கூட இல்லை. மேட்டில் நாங்கள் விசிலடித்தோம். "பலிச்சிருச்சு!" என்று சேசடிமை மைக்கில் அழுதார். எங்கள் காலடியில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பெர்பெத்து புதுக் கம்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரை நோக்கி இறங்கினாள்.

"அக்கா, அடுத்த தேதி எப்ப?" என்று முதல்முறையாக அவளிடம் கேட்டோம்.