ஐந்தாவது நிறைவெண்

“போனை வச்சிடாதீங்கம்மா. உங்க நம்பர் சாதாரண நம்பர் இல்லை. அது ஒரு நிறைவெண்.”

பேராசிரியர் இதைச் சொல்வது மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளும் தையல்கடை அம்மாள் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டார். இன்று என்னவோ, மிஷினின் கடகடப்பு நின்றது. நிறைவெண் என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டார்.

கேட்டால் போதாதா? பேராசிரியர் ஆறிலிருந்து ஆரம்பித்தார். ஆறை மீதியில்லாமல் வகுக்கும் அதைவிடச் சின்ன எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் மறுபடியும் ஆறு. இருபத்தெட்டும் இதே ரகம். அதற்குமேல் இவை அத்தி பூத்தாற்போல்தான் அகப்படும். ஐந்தாவதாக வருவது 33550336. அதுதான் அந்த அம்மாளின் கடைத் தொலைபேசி எண்.

“எட்டு வருஷமா வச்சிருக்கேன் சார். நான் தச்ச ஒரு சட்டையைக்கூட நிறைவா இருக்குன்னு யாரும் சொன்னதில்லையே.”

பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் நிறைவெண்களோடு மல்லுக்கட்டி, புதிதாக ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமல் அடுத்த மாதம் ஓய்வுபெறப் போகிறவர் அவர். ஒன்றையாவது வீட்டில் வைத்திருக்கலாமே என்ற ஏக்கம் அவருக்கு. வெட்கத்தை விட்டு, அந்த எண்ணைத் தனக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டேவிட்டார்.

வாடிக்கையாளர் எல்லாரும் இதில்தானே கூப்பிடுவார்கள் என்று அந்த அம்மாள் இழுத்தார். யார் கூப்பிட்டாலும் உங்கள் புது எண்ணைச் சொல்லிவிடுகிறேன் என்று பேராசிரியர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

“பொழுதன்னைக்கும் மணி அடிக்கும் சார். பரவாயில்லையா?”

“அடிக்கட்டும்மா. ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா எடுப்பேன்.”

மறுநாள் காலை தொலைபேசி அலுவலகத்தில் பேராசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாளோ பெயர்மாற்றப் படிவத்தைப் பூர்த்திசெய்தே கொண்டுவந்திருந்தார். குமாஸ்தாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பிறகு சார் மனசு மாறினால் எண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? ஒரு வருடத்துக்கு முடியாது என்றார் குமாஸ்தா. நம் மனசாவது மாறுவதாவது என்று பேராசிரியர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, இரண்டு இடத்தில் போடவேண்டிய கையெழுத்தை மூன்று இடத்தில் போட்டார்.

அந்த வாரமே இணைப்பு வந்தது. பத்து நிமிடத்தில் மணி அடித்தது. சட்டை தைக்க யாரோ கூப்பிடுகிறார்கள் என்று, கடையின் புது எண் எழுதிய சீட்டோடு ஓடிவந்து எடுத்தார்.

“வணக்கங்க. நான் ஒரு காலேஜ்ல கணக்குப் பாடம் எடுக்கறேன்,” என்றது ஓர் இளங்குரல். “உங்க நம்பர் எப்பேர்ப்பட்ட நம்பர்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவரை ஒருவழியாகச் சமாளித்து வைத்தால், அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் ஆறிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஐந்து பேர். சட்டைக்கு ஒருவர்கூட இல்லை. வியர்த்து விறுவிறுத்துப்போன பேராசிரியர் தையல்கடையைக் கூப்பிட்டார்.

“எட்டு வருஷமா எனக்கும் தினம் இதே பாடம்தான் சார்,” என்றார் அந்த அம்மாள், மிஷினை நிறுத்தாமலே. “எல்லாரும் நம்பரைப் புகழ்ந்துட்டு வச்சிடுவாங்க. வாங்கிக்கறேன்னு சொன்ன ஒரே புண்ணியவான் நீங்கதான்.”