நூற்று அறுபத்து மூன்று

காமினிக்கு இது ஐந்தாவது மாதம். மூன்று வருடங்களுக்கு முன் முதல் பிள்ளையின் துடிப்பு நான்காம் மாதத்தில் நின்றுபோனது. அந்தப் பிள்ளைக்குக் கடைசியாக ஸ்கேனில் பார்த்த துடிப்பு, நிமிடத்துக்கு நூற்று அறுபத்து மூன்று.

அந்தப் பயத்தில்தான் அவள் கணவன் குணாளன், வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளர் வாங்கினான். கருவி ஒலியை உள்ளே அனுப்பும். அசையும் ஒன்றில் பட்டுத் திரும்புவதை எண்ணிக் காட்டும்.

ஞாயிறு காலை, பாயான் பாரு ஊரில் உள்ள வீட்டில், காமினியின் ஜெல் தடவிய வயிற்றில் கருவியை வைத்தான்.

"நூத்தி நாப்பத்தெட்டு! கேக்குதா? குதிரை ஓடுற மாதிரி!"

"கத்தாதீங்கலா, பக்கத்து வீடே எழுந்திரிச்சிடும்."

உற்சாகத்தில் அவன் கருவியைத் தன் வயிற்றிலும் வைத்தான். கடகடவென்று ஏதோ உருண்டது.

"அது நீங்க தின்ன நாசி லெமாக்," என்று காமினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டிலருகே ஸ்பிரிங்கில் துணித் தொட்டில் தொங்கியது. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டக்கூடாது என்று இரு வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். ஆசை பொறுக்காமல் முந்தைய நாள்தான் மாட்டியிருந்தான்.

விளையாட்டாக அதன் வெறும் துணிக்குள்ளும் கருவியை வைத்தான்.

அதே குதிரை ஓட்டம் கேட்டது. திரையில் நூற்று அறுபத்து மூன்று.

"காமினி, இங்க பாரு! இங்க பாரேன்!"

அவள் எண்ணைப் பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

"மெதுவாப் பேசுங்க," என்றாள்.

குணாளன் கருவியை எடுத்துக்கொண்டான். வெறும் தொட்டிலின் ஸ்பிரிங், பாரம் ஏறியதுபோல் ஒரு சாண் கீழே இறங்கியே நின்றது.