அலமாரியில் இருந்த டப்பா

"உங்க முடி எலிவால் மேடம். எவ்வளவு உப்ப வச்சாலும் அமுங்கிடும். உள்ளே முடி உருண்டை வச்சுக் கொண்டை போடட்டுமா?" என்றாள் பார்லர்காரி.

"யார் முடி?"

"யார் யாரோடதோ. கடையில விக்குது."

இன்று தங்கச்சிக்குக் கல்யாணம். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

"வீட்டுலயும் இதே கண்றாவிதான். தலையில உதிர்ற முடியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு டப்பாவுல சேர்க்கிறாங்க என் மாமியார். சீ! காலையில குப்பை வண்டியில கொட்டிட்டேன்" என்றேன்.

கொண்டை கும்மென்று எழும்பியபோது மாமியாரின் போன் வந்தது.

"அலமாரியில டப்பாவைக் காணோமே, பார்லருக்கு எடுத்துட்டுப் போயிட்டியா கண்ணு? உன் சீப்புல வந்த முடிதான். மூணு வருஷமா அலசிக் காய வச்சேன். உன் தலையில கண்டவங்க முடி எதுக்கும்மா?"